அத்தான் வாங்கிய ரிவெர்ப் பெடல்

வேலை முடிந்து வந்ததும் அத்தான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். கிதார் மீட்டும் சின்ன பிளாஸ்டிக் வில்லையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அதன் முனையால் நக இடுக்கிலுள்ள கிரீஸைச் சுரண்டுவார். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரல் வரை. அது முடியும்வரை யாரும் அவரிடம் பேசக்கூடாது. பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரக் கடைசியில் ஒரு இசைக்குழுவில் கிதார்.

அன்று அக்கா பேசிவிட்டாள். "சனிக்கிழமைக்குள்ள பெடல் வாங்கலன்னா உங்க இடத்துக்கு வேற ஆள்னு கீபோர்டுக்காரர் சொன்னாரா இல்லையா? நீங்க நகத்தையே நோண்டிக்கிட்டிருங்க."

குழுவின் தலைவர்தான் கீபோர்டுக்காரர். அத்தானின் கிதார் வறட்டென்று இருக்கிறது, காலால் மிதித்து இயக்கும் ரிவெர்ப் பெடல் ஒன்று போட்டால் சத்தம் கொஞ்சம் எதிரொலித்து நிறையும் என்பது அவர் கட்சி.

"வா மாப்ள," என்றார் அத்தான் என்னிடம். முகம்கூடக் கழுவவில்லை.

இசைக்கருவிக் கடையின் சோதனை அறையில் தரை முழுக்கக் கம்பளம், சுவர் முழுக்க ஸ்பாஞ்சு. என் தும்மல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கடைக்காரர் மூன்று பெடல்களை வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரே பாட்டின் துண்டை அத்தான் வாசித்தார். கடைசிப் பெடலின் குமிழைத் திருகத் திருகச் சத்தம் அறையைவிடப் பெரிதாகிக்கொண்டே போனது. அத்தான் கண்ணை மூடினார். ரசிக்கிறார் என்று கடைக்காரர் நினைத்திருப்பார். தூங்குகிறார் என்று எனக்குத் தெரியும். தோளைத் தொட்டேன்.

"இதையே குடுங்க. குமிழ் அசையாம டேப் ஒட்டிடுங்க."

"மண்டபத்துல எப்படிக் கேக்கும்னு தெரியலையே அத்தான்?"

"நீ வேற. எங்கயாவது படுத்தா போதும்னு இருக்கு."

சனிக்கிழமை ஏதோ நிறுவனத்தின் ஆண்டு விழா. மண்டபம் முழுக்கப் பளிங்கு. கூரை எங்கோ உயரத்தில். நாற்காலியை இழுத்தாலே அந்தச் சத்தம் அடங்க நேரமானது. முதல் பாட்டிலேயே அத்தானின் கிதார் கூழாகக் குழைந்தது. கீபோர்டுக்காரர் வாசித்தபடியே திரும்பி முறைத்தார். டேப்பைப் பிய்க்க நேரமில்லை. அத்தான் ஷூ முனையால் பெடலை மிதித்து அணைத்துவிட்டு, பழைய வறட்டுச் சத்தத்திலேயே தொடர்ந்தார். எதிரொலியை மண்டபமே போட்டுக்கொண்டது.

இடைவேளையில் கீபோர்டுக்காரர் வந்து முதுகில் தட்டினார். "இதத்தானய்யா இத்தன நாளா கத்திக்கிட்டிருந்தேன்! பெடல் வந்ததும் எப்படி இருக்கு பாத்தியா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே," என்றார்.

திரும்பும் பேருந்தில், "உண்மையச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"எதுக்கு? அவருக்குச் சந்தோஷம், எனக்கு இடம். ஸ்டாப் வந்தா எழுப்பு."

என் அலுவலகத்தில் பிறகு சேர்ந்த கணக்காளர் ஒருவர், தானும் கிதார் வாசிப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த விழாவுக்குக் கீபோர்டுக்காரர் அவரையும் கிதாரோடு வரவழைத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தாராம். அத்தானின் சத்தம் சரிப்படாவிட்டால் இடைவேளைக்குப் பிறகு இவர் மேடையேற வேண்டும். யாரும் கூப்பிடவில்லை. இவரும் அன்று வேலையிலிருந்து நேராக வந்தவர். இரண்டாம் பாதி முழுக்க, கிதார் உறைமேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாராம்.