கட்டி முடியாத சுவருக்கு நான் தந்த சான்று

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து எந்த அரசாங்க அலுவலகத்துக்குக் கடிதம் போவதானாலும் அதை எழுதுகிறவன் நான். கோலாலம்பூரில் கல்லூரிப் படிப்பை முடித்து இந்தத் தோட்டத்துக்கே திரும்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, பணியாற்றினேன். ஓய்வு பெற்ற பிறகும் கிராணி வீட்டிலேயே குடியிருக்க நிர்வாகம் அனுமதித்தது. கோயில் தலைவர் பொறுப்பும் என்னிடமே இருந்தது. குடிநீர் வரவில்லை, பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழை, மகளின் படிப்புக்கு உதவிச் சம்பளம் என்று எதுவானாலும் மாலையில் வந்து கதவைத் தட்டுவார்கள். மலாயில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பேன். என் கையொப்பம் உள்ள காகிதம் திரும்பி வராது என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

லயத்துக்கு மேலே அரசாங்கச் சாலை போகிறது. அந்தச் சாலையோரச் சரிவில் மண் இளகி வருகிறது என்று நான் எழுதிய கடிதத்தின் பேரில்தான் தடுப்புச்சுவர் கட்ட ஆணை வந்தது. பெரிய அறிவிப்புப் பலகை நட்டார்கள். வேலை மளமளவென்று நடந்தது, பாதியில் நின்றது. சுவர் முடிந்த இடத்திலிருந்து கடைசி வீடு வரைக்கும் நீலக் கான்வஸை விரித்து, மணல் மூட்டைகளை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஆண்டுக் கோயில் திருவிழாவுக்கு, சுவர் வேலையைக் கண்காணித்த அதிகாரியே தலைமை விருந்தினர். நம்மவர்தான், தமிழர். எங்கள் வழக்கப்படி விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவர் தாம் கொண்டுவந்திருந்த பொன்னாடையை எனக்குப் போர்த்தி, "இந்தச் சுவர் ஐயா போட்ட சுவர்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. பிரசாத மேசைக்குப் பக்கத்தில் என்னைத் தனியே அழைத்துச் சென்று ஒரு படிவத்தை நீட்டினார்.

"ஐயா, வருசம் முடியப்போகுது. இந்த ஃபாரம் போகலன்னா ஒதுக்குன காசு திரும்பிப் போயிடும்."

"பாதிதானே நிக்குது?" என்றேன்.

"மிச்சம் ரெண்டு வாரத்துல எழும்பிடும், என் பொறுப்பு. ஐயா ஒருத்தர் கையெழுத்து போதும்னு ஆபிஸ்ல சொல்லிட்டு வந்திருக்கேன் லா."

படிக்காமல் கையொப்பமிட்டேன் என்று இங்கே எழுதினால் எனக்கு எளிது. படித்தேன். வேலை முழுமையாக நிறைவுற்றது, குடியிருப்பாளர்களுக்குத் திருப்தி என்று இருந்தது. தோளில் பொன்னாடை இருந்தது, நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது, எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையொப்பமிட்டேன். ஒரு சல்லிக் காசு வாங்கியவன் அல்லன் நான். ஆயினும் என் மதிப்பைச் சொல்லிச் சொல்லியே அவர் என்னை வாங்கிவிட்டார் என்பதை உணர எனக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது.

இரண்டு வாரம் ஐந்து மாதமாயிற்று. ஒரு பிற்பகல் பெய்த மழையில் கான்வஸ் கிழிந்து, கடைசி வீட்டு அடுக்களைக்குள் சேறு இறங்கியது. அந்த வீட்டில் இருப்பவள் கொழுந்து வெட்டும் பெண்; கணவனை இழந்து தனியே வாழ்பவள். நல்லவேளையாக அவள் அப்போது மலையில் வேலையில் இருந்தாள். அடுப்பு நின்ற இடத்தில் இடுப்பளவு மண் குவிந்திருந்தது.

மறுநாள் அவளும் நான்கு பெண்களும் துணி காயப்போடும் கயிற்றைக் கொண்டு சுவரை அளந்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார்கள்.

"கிராணி ஐயா, பலகையில எம்பது மீட்டர்னு போட்டிருக்கு. நாங்க அளந்தா முப்பத்தஞ்சுதான். மிச்சச் சுவர எந்தப் பன்னி தின்னுச்சு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஊழல் தடுப்பு அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றாள். ஆதாரங்களைச் சரிபார்க்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர்கள் போனதும் அந்த அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சிறிதும் பதறவில்லை.

"தாராளமா எழுதுங்கய்யா. ஆனா சுவர் முடிஞ்சிருச்சுன்னு சொன்னது நானில்லியே. பைல்ல மொதத் தாளே ஒங்களோடதுதான். மொதல்ல ஒங்களத்தான் கூப்பிடுவாங்க. இந்த வயசுல தேவையா?"

ஒரு வாரம் நான் கோயிலுக்குப் போகவில்லை. சளி என்று சொல்லி அனுப்பினேன். பெண்கள் இரண்டு முறை வந்து கதவைத் தட்டியபோது உள்ளே அமர்ந்திருந்தேன். என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த நீலக் கான்வஸ் தெரியும். திரையை இழுத்துவிட்டேன். திரைக்கு அப்பாலும் அது தெரிந்தது.

மூன்றாம் முறை அவர்கள் வரவில்லை. தங்களுக்குத் தெரிந்த மலாயில் தாங்களே எழுதி, கைப்பேசியில் எடுத்த படங்களைச் சேர்த்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலை இறங்கிப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தார்கள். என் கையொப்பமின்றி லயத்திலிருந்து போன முதல் கடிதம் அது. அது திரும்பி வரவில்லை. மூன்று வாரத்தில் விசாரணை அதிகாரிகள் இருவர் வந்து கோயில் மண்டபத்தில் அமர்ந்து, முதலில் அவளை விசாரித்தார்கள். விசாரணை முடிந்ததும் அவள் என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"பேப்பரக் காட்டுனாங்க, ஐயா."

நான் கதவை முழுதாகத் திறந்தேன்.

"ஒங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? எம் புருசன் செத்தப்ப பென்சனுக்கு எழுதிக் குடுத்தது நீங்கதான." சிறிது நேரம் செருப்பின் மண்ணைப் படியில் தேய்த்தாள். "நான் சொல்லிட்டேன். ஐயாவுக்கு வயசாயிருச்சு, கண்ணு மங்கல், என்னா பேப்பர்னே தெரியாம போட்டிருப்பாருன்னு. நாளைக்கு ஒங்களக் கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல," என்றேன்.

"எனக்குத் தெரியும் ஐயா," என்றாள்.

அன்று அனுபவித்த திணறலை நான் வேறெப்போதும் அனுபவித்ததில்லை. அவள் சொன்னதை நானும் சொன்னால், எதையும் படித்தறிய இயலாத கிழவனாகத் தப்பிக்கலாம். ஆனால் சுவர் முடியவில்லை என்பது அந்த அதிகாரிக்குத் தெரியும் என்பதற்கு நான் ஒருவன்தான் சாட்சி. கிழவன் தெரியாமல் போட்டான் என்றால், அவரும் தெரியாமல் அனுப்பினார் என்றாகிவிடும். உண்மையைச் சொன்னால், பொய்யென்று தெரிந்தே சான்று தந்தவன் நான். கல்லாதவர்கள் மதித்த ஒரு படிப்பாளிக்கு மூடன் என்றும் பொய்யன் என்றும் இரண்டு பெயர்களே மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்றை நானே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மண்டபத்தில் விசாரணை அதிகாரி மரியாதையாகவே கேட்டார், படிவத்தைப் படிக்க இயன்றதா என்று. தூரப் பார்வைக்கு மட்டும் போடும் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவர் முன்னிருந்த தாளை எடுத்து அதன் முதல் பத்தியைப் படித்துக் காட்டினேன். பிறகு பிரசாத மேசையருகே அந்த அதிகாரி சொன்னதையும், நான் கேட்டதையும், அவர் பதிலையும் சொல் மாறாமல் சொன்னேன். மண்டபத்துக்கு வெளியே பத்துப் பேராவது நின்றிருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது.

அடுத்த வாரம் கோயில் குழு கூடியது. உடல்நலம் கருதித் தலைவர் ஓய்வெடுக்கட்டும் என்று மிகுந்த பணிவோடு தீர்மானித்தார்கள். என்னை மேலும் இரு முறை வாக்குமூலத்துக்கு அழைத்திருக்கிறார்கள். நான் சாட்சியாகவே இருப்பேனா, குற்றம் சாட்டப்படுவேனா என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை. வழக்கைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது ஆணை. ஆகவே கடைத்தெருவில் என்னைப் பற்றிப் பேசப்படும் எதற்கும் என்னால் பதில் சொல்ல இயலாது.

சுவரின் இரு முனைகளிலும் நாடா கட்டி, அதில் எவரும் கைவைக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அளவு ஆதாரம் என்பதால், வழக்கு முடியும்வரை மிச்சத்தையும் கட்ட முடியாதாம். இதை அவளிடம் சொல்ல நானே கடைசி வீட்டுக்குப் போனேன். அவள் நாடாவுக்கு இப்பால் நின்று வாளியால் வாய்க்காலைத் தூர் வாரிக்கொண்டிருந்தாள்.

"அப்ப சுவரும் சாட்சிதானா?" என்றாள். "அதான் ஒங்களாட்டம் பாதியில நிக்குது."

மழைக்காலம் முடியும்வரை என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், மனைவி இறந்தபின் இரண்டு அறைகள் பூட்டியே கிடக்கின்றன என்று சொன்னேன்.

"வேணாம் ஐயா. இருக்கிற பேச்சு பத்தாதா? நான் எங்கக்கா வீட்டுல படுத்துக்கிறேன்."

மேகம் கறுத்து வந்தது. அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலையணையையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு அக்கா வீடு இருக்கும் மேல் லயத்துக்கு ஏறிப் போனாள். அவள் கதவை அடைக்க மறந்திருந்தாள். நான் போய் அதைச் சாத்தினேன். உள்ளே சுவரோரம் புதிதாக ஈரம் ஊறியிருந்தது.