சுவருக்குள் இறங்கிய சத்தம்

பீர்க்கன்கரணையில் எங்கள் படுக்கையறைச் சுவருக்குள்தான் மாடி வீட்டுக் கழிவுநீர்க் குழாய் இறங்கியது. தினமும் காலை ஐந்து மணிக்கு அது போடும் சத்தத்தில் விழித்துவிடுவோம்.

சரிசெய்ய வந்த பிளம்பர் ஒல்லியானவர். சுவரில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பூச்சை உடைத்து, குழாய் செங்கல்லில் முட்டிய இடங்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார்.

சிமெண்டைக் குழைத்துக்கொண்டே கேட்டார்: "மேல் வூட்ல யாரு சார் கீறாங்க?"

"தனியா ஒரு பெரியவர்."

"இனிமே சத்தம் வராது. அவரு எழுந்தாரா இல்லியான்னு நீங்கதான் போய்ப் பாக்கணும்."

மறுநாள் ஐந்து மணிக்குத் தானாகவே விழிப்பு வந்தது. பிளம்பரைப் போலவே சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.