மூன்று முகவரிகள் மட்டும்

என் கணவர் ஆரணியில் வீடுகளுக்கும் பட்டுக் கடைகளுக்கும் இணைய இணைப்பு கொடுத்துவந்தார். எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவருடைய மேசை. அதன்மேல் ஒரு திரை எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். யார் வீட்டு லைன் அறுந்தது, யாருக்கு வேகம் குறைந்தது என்று பார்ப்பதற்காக வைத்தது. எங்கள் வீட்டு லைனும் அதில் ஒரு வரி.

கல்யாணமான மூன்றாம் மாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"நேத்து மத்தியானம் மூணு மணி நேரம் வீடியோ பாத்துகினு இருந்த போல?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அடுத்த வாரம், "வேலை தேடற சைட்டுக்கு இன்னாத்துக்குப் போன?" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. பார்க்கிற தளத்தின் பெயர்தான் அவருக்குத் தெரியும், உள்ளே என்ன படித்தேன் என்று தெரியாது. ஆனால் பெயரே போதுமானதாக இருந்தது.

அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியையாக இருந்தவள், அவர் சொன்னதால் வேலையை விட்டிருந்தேன். வீட்டில் வைஃபை இருக்கும்போது சிம்முக்கு எதற்கு நெட் என்று போனில் பேச மட்டும் ரீசார்ஜ் செய்வார். சாயங்காலம் போனை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் தருவார். என் பழைய லேப்டாப்பை மட்டும் தொடமாட்டார். தொடவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

செய்யாறில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் என் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்தாள். அவர் லைன் சரிபார்க்கப் போயிருந்தார். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தன் வீட்டில் இருக்கும் ஒரு கணினியை எனக்கு ப்ராக்ஸியாக வைத்துக்கொடுத்தாள். இனி நான் எதைத் திறந்தாலும் அது முதலில் அவள் வீட்டுக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே போகும். இங்கே அவர் திரையில் தெரிவது அவள் வீட்டு முகவரி மட்டும்.

இரண்டு நாள் மூச்சு விட்டேன். மூன்றாம் நாள் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு நாளா நீ எதுவுமே பாக்கலயா? எல்லாம் ஒரே எடத்துக்குப் போவுது."

"அக்கா வூட்டுக்குங்க. அம்மாவோட பழைய போட்டோவெல்லாம் ஏத்திகினு இருக்கேன்."

"அதுக்குன்னு சமையல் வீடியோகூடவா பாக்கல?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அதைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். முழுதாக மறைந்துபோனால் அதுவே என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை, அவர் இல்லாத நேரத்தில், அக்கா போனில் சொல்லச்சொல்ல நானே மாற்றினேன். சமையல், சீரியல், சபைப் பாட்டு எல்லாம் வீட்டு லைனிலேயே போகட்டும். மூன்று முகவரிகள் மட்டும் அக்கா வீடு வழியாகப் போகவேண்டும்: செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் ஒரு கம்பெனியின் தளம், நான் புதிதாகத் தொடங்கிய மெயில், பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் ஒரு தளம். அதன்பிறகு தினமும் வேண்டாத சமையல் வீடியோக்களை ஓடவிட்டேன். வெண்டைக்காய் வதக்குவதை மட்டும் எத்தனை தடவை பார்த்திருப்பேன்!

பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டில் அவர் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னார்.

நான் குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தப் பேர நம்ம லைன் ரெண்டு தடவ கேட்டுக்கீது. போனதா காணோம், கேட்டது மட்டும் கீது. யாரு தேடனது?"

தவறு என்னுடையது. ஒரு தளத்துக்குப் போவதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று லேப்டாப் முதலில் விசாரிக்கும். அந்த விசாரணையும் அக்கா வீடு வழியாகவே போகவேண்டுமென்றால் தனியாக ஒரு கட்டத்தில் டிக் போடவேண்டும். நான் போடவில்லை. நான் போனதை மறைத்துவிட்டு, வழி கேட்டதை அவர் மேசைக்கே அனுப்பியிருக்கிறேன். மற்ற இரண்டு பெயர்களையும் பார்த்திருப்பாரோ? சட்ட உதவி என்ற பெயரை?

"பக்கத்து வூட்டம்மாதாங்க கேட்டாங்க. அவங்க பொண்ணுக்கு. கம்பெனி பஸ் எங்க நிக்குதுன்னு."

வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தம்மாவிடம் நான் எதுவுமே சொல்லி வைத்திருக்கவில்லை. அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். சத்தம் நின்றது. நான் எச்சில் தட்டோடு சுவரில் காதை வைத்து நின்றேன்.

"இன்னா தம்பி, இந்த வெயில்ல?"

அவர் கேட்டது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

"ஆமா தம்பி, நான்தான் கேட்டேன். எம் பொண்ணு செய்யாறு கம்பெனிக்குப் போறேன்னு ஒரே பேஜாரு. ஏன், எதுனா தப்பா?"

மீண்டும் தறி ஓடத் தொடங்கியது. அவர் வந்து, "மோர் ஊத்து" என்றார். ஊற்றினேன்.

அன்று சாயங்காலமே அந்த டிக்கைப் போட்டேன். மற்ற இரண்டு பெயர்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மறுநாள் துணி உலர்த்தும்போது அந்தம்மாவிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கட்னவ எதைப் பாக்கறான்னு வூடு வூடா வந்து கேக்கறவனுக்கு வேற இன்னா சொல்றது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜல்தியா எதுனா செய்யிம்மா" என்றார்.

அக்காவின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒருநாள் போய் நேர்முகத் தேர்வை முடித்து வந்தேன். வேலை கிடைத்த மெயில் வரும்வரை சரியாகத் தூங்கவில்லை. அவர் நாற்காலியை நகர்த்தினாலே லேப்டாப்பை மூடிவிடுவேன். பெரணமல்லூர் பக்கம் கேபிள் அறுந்து அவர் காலையிலேயே கிளம்பிய ஒருநாள், சான்றிதழ்களையும் நான்கு புடவைகளையும் பையில் வைத்துக்கொண்டு செய்யாறு பஸ் ஏறினேன். பஸ் ஊரைத் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் போன் வந்தது.

"எங்க கீற?"

"செய்யாறுல. வேலைக்குச் சேந்துட்டேங்க. இனிமே அக்கா வூட்லதான் இருப்பேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். ஏன் போனாய் என்று கேட்பார் என்றும் நினைத்தேன்.

"எனக்கு எப்டித் தெரியாம போச்சு?" என்றார்.

அவர் கேட்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு எனக்கிருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது. சபைப் பெரியவர்கள் இரண்டு முறை வந்து பேசிப் பார்த்தார்கள். நான் திரும்பிப் போகவில்லை. இப்போது என் சம்பளத்தில் எனக்கென்று ஒரு லைன் இருக்கிறது. ஆனாலும் எதையாவது தேடப் பெயரை அடிக்கும்போது, பாதியில் விரல் நின்றுவிடுகிறது. பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மீதியை அடிக்கிறேன்.