நாவக்கொல்லைக்கு எடுத்துப்போன ஏழு ஜோடி ஷூ

பொங்கல் விடுமுறையில் ஆம்பூர்க் கம்பெனிகள் மூடிக் கிடக்கும் நாலைந்து நாளும் எனக்கு வேலை இருக்காது. ஷூவுக்கு சோல், லேஸ், உள்ளட்டை சப்ளை செய்பவன் நான். கம்பெனி ஓடினால்தான் என் போன் அடிக்கும். அந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்து டிவி ரிமோட்டிலிருந்து குழம்பு வரைக்கும் எல்லாவற்றிலும் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் என் மனைவி முந்திக்கொண்டாள். "எங்கனா போய்ட்டு வாங்க. மூணு நாளு நாங்க நிம்மதியா இருக்கோம்."

அதனால் தை நான்காம் நாள் நானும் என் தோஸ்த் அன்வர் பாயும் கிளம்பினோம். பாய் தோல் வியாபாரி. இருபது வருஷப் பழக்கம். போன இடம் ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலையில் இருக்கும் நாவக்கொல்லை. இருபத்திரண்டு வீடுகள் உள்ள மலையாளி மக்களின் ஊர். பெயரைப் பார்த்துக் கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மலையிலேயே வாழும் பழங்குடிகள். பேசுவது நம் தமிழ்தான். அங்கே லாட்ஜ் கிடையாது, ஓட்டல் கிடையாது. ஒன்பது வீட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, வருகிறவர்களை முறை வைத்துத் தங்கள் வீடுகளில் தங்க வைக்கிறார்கள். ஆளுக்கு ஓர் இரவுக்கு ஆயிரத்து நூறு ரூபாய், மூன்று வேளைச் சாப்பாட்டோடு. பணம் குழுவுக்குப் போகும். எந்த வீடு என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

காலை ஆறே முக்காலுக்கு ஆம்பூரில் பஸ். மாதனூரில் இறங்கி ஒடுகத்தூர் பஸ் மாறினோம். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒடுகத்தூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ஷேர் ஜீப் பிடித்தோம். ஆளுக்கு எண்பது ரூபாய். பத்துப் பேர் ஏறினால்தான் எடுப்பார்கள். நாங்கள் ஏறியபோது பதினான்கு பேர், இரண்டு ஆடு.

"மேல ரூமு கிடையாது, தெரியும்ல சார்?" என்றார் டிரைவர்.

"தெரியும்ப்பா. வீட்லதான் தங்கறோம்."

"ஏசி வோணும்னா கதவத் தொறந்து வெச்சிக்கோங்க. ராவுல பல்லு தந்தி அடிக்கும்."

ஜீப் விட்ட இடத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் நடை. ஏற்றம் கம்மிதான், ஆனால் கல் ஜாஸ்தி. எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஊர்க்காரர்கள் நாற்பது நிமிடத்தில் நடப்பார்களாம். எங்களுக்கு நேரம் கூடியதற்கு என் தோளில் இருந்த பை ஒரு காரணம். அதில் ஏழு ஜோடி ஷூ இருந்தது.

ஒரு கம்பெனியில் ரத்தான ஆர்டரின் மிச்சம். தடித்த சோல், நல்ல தையல், ஐந்து சைஸ்களில். தங்கப்போகும் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப் போனேன். வெறும் அன்பு என்று சொன்னால் பொய். ஒன்றைக் கொடுத்தால் கவனிப்பு நன்றாக இருக்கும் என்பது நான் முப்பது வருஷமாகச் செய்துவரும் வியாபாரம். யாரைப் பார்க்கப் போனாலும் கையில் ஏதாவது இல்லாமல் போனதில்லை.

அந்த வாரம் முறை மல்லிகாவின் வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கோவிந்தசாமி. மகள்கள் இருவரும் விடுமுறை முடிந்து அன்றைக்குத்தான் விடுதிப் பள்ளிக்குத் திரும்பியிருந்தார்கள். குழுவில் சேருவதற்காக இரண்டு வருஷம் உழைத்து ஒரு தனி அறையும் கழிப்பறையும் கட்டியிருந்தார்கள். அந்த அறைக்கு நாங்கள்தான் முதல் விருந்தாளிகள். சுவரில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நான்கு மணிக்குப் பையைத் திறந்தேன். கோவிந்தசாமியின் காலை ஒரு பார்வை பார்த்து ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பதினேழு வயதில் ஒரு செருப்புக் கடையில் சேர்ந்து எட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆள் படியேறும்போதே காலைப் பார்த்து டப்பாவை எடுத்துவிட வேண்டும், அதுதான் அந்தக் கடையின் வேலை முறை. மல்லிகா "வேணாங்கண்ணே, வேணாம்" என்று இரண்டு முறை சொன்னார். எல்லோரும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கோவிந்தசாமி அதற்குள் லேஸைக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தார்.

அந்த ஒரு நடை போதுமானதாக இருந்தது. ஆறு மணிக்குக் குழுத் தலைவி பச்சையம்மா வாசலுக்கு வந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். எங்களிடம் "சாப்ட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு மல்லிகாவிடம் திரும்பினார். "காலையில எட்டு மணிக்கு ஸ்கூலாண்ட வா. எல்லாரும் வருவாங்க."

விஷயத்தை மல்லிகாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். விருந்தாளியிடம் எந்த வீடும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த வீட்டுக்கு ஒரு வருஷம் முறை கிடையாது. முன்னொரு தடவை யாரோ ஒரு வீட்டுக்குப் புது செல்போன் கொடுத்துவிட்டுப் போக, அடுத்த வீடு சைக்கிள் கேட்க, வீடுகளுக்குள் பேச்சே நின்றுபோயிருக்கிறது. அதற்கு அப்புறம் குழு போட்ட கட்டுப்பாடு இது.

"நீதான் கேக்கலையேம்மா. நான் வந்து சொல்றேன்" என்றேன்.

"நம்ப மாட்டாங்கண்ணே. நான் உங்களுக்குப் போன் பண்ணேன் இல்ல?"

உண்மைதான். கிளம்புவதற்கு முதல் நாள் மல்லிகா போன் செய்திருந்தார். பாய் கோழி சாப்பிடுவாரா, எப்படி அறுக்க வேண்டும் என்று கேட்பதற்காக. பாய் காய்கறியே போதும் என்று சொல்லியிருந்தார். என் நம்பரை மல்லிகாவிடம் கொடுத்ததே பச்சையம்மாதான். ஆக, போன் போனது ஊருக்குத் தெரியும். மறுநாள் காலுக்கு அளவெடுத்த மாதிரி ஷூ வந்திருக்கிறது. கேட்காமல் எப்படி வரும்?

அறைக்குள் வந்ததும் பாய் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா தோஸ்த், சாப்ட்டோமா, படுத்தோமான்னு இல்லாம, இங்கயும் வந்து சாம்பிள் காட்டணுமா?" குளிருக்கு இரண்டு கம்பளி கொடுத்திருந்தார்கள். தூங்க முடியாமல் போனதற்குக் குளிர் காரணம் இல்லை.

காலை எட்டு மணி. பள்ளிக்கூட வராந்தாவில் ஒன்பது வீட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் சிலர் வெளியே நின்றார்கள். நான் அனுமதி கேட்டுக்கொண்டு பேசினேன். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை, காலைப் பார்த்தே சைஸ் சொல்வது என் பழைய தொழில் என்றேன்.

பச்சையம்மா கேட்டுக்கொண்டார். "நீங்க வியாபாரம் பண்றவரு. நல்லா பேசுவீங்க. ஆனா எம் புருசன் கடையிலயே நின்னு, போட்டுப் பாத்து வாங்கனதே மூணு நாளு கடிச்சிது. கோவிந்தசாமிக்கு மட்டும் எப்டி அளக்காமயே பொருந்தும்?"

"நான் கோழியப் பத்திதான் கேட்டேன் அக்கா. வேற ஒரு வார்த்த பேசல" என்றார் மல்லிகா.

மூலையிலிருந்து ஒரு பெண் சொன்னார்: "ஆமா, கோழிக்கி இன்னா சைஸுன்னு கேட்டிருப்பாரு."

வராந்தாவே சிரித்தது. மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய புது அறையின் சாவி கையில் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "என் பேச்ச நம்ப வேணாம். யாரு காலையாவது காட்டுங்க. நான் சொல்றேன். பாய்கிட்ட டேப் இருக்கு, அளந்து பாருங்க."

தோல் வியாபாரி எங்கே போனாலும் சட்டைப் பையில் டேப் இருக்கும். பாய் அதை எடுத்துக்கொண்டே என் காதருகே வந்தார். "கடைய விட்டு எத்தினி வருஷம் ஆச்சு? தப்பா சொன்னா அந்தப் பொண்ணு போச்சு."

பச்சையம்மா படியில் உட்கார்ந்து தன் காலை நீட்டினார். மலைக் கால்கள் நம் கால்கள் மாதிரி இல்லை. விரல்கள் விரிந்து, முன்பக்கம் அகலமாக இருக்கும். அகலத்தைப் பார்த்து ஏமாந்தால் அரை சைஸ் கூடச் சொல்லிவிடுவோம். நான் பார்த்தேன். "இருபத்து மூணரை சென்டிமீட்டர்."

பாய் டேப்பை வைத்தார். இருபத்து மூன்றரை. பக்கத்தில் இருந்த பெண் குனிந்து எண்ணைப் படித்துச் சத்தமாகச் சொன்னார்.

அடுத்தது கோழி ஜோக் அடித்த பெண். புடவைக் கரைக்குள் காலை மறைத்துக்கொண்டிருந்தவர், ஒரு நொடி காட்டிவிட்டு இழுத்துக்கொண்டார்.

"இருபத்து நாலு. கொஞ்சம் கூட இருக்கலாம்."

"அதெல்லாம் ஆவாது. ஒண்ண சொல்லுங்க."

"இருபத்து நாலு."

சரியாக இருபத்து நான்கு. "அடியாத்தீ" என்றார் அவர். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் காலப் பாருங்க" என்றார் பச்சையம்மா. வெளியே நின்றிருந்த முனுசாமி, அறுபதை நெருங்குகிறவர், உள்ளே வந்து நின்றார். பார்த்தேன். எதுவோ இடித்தது. இரண்டடி நடக்கச் சொன்னேன். நடந்தார். மறுபடியும் பார்த்தேன்.

"ரெண்டு காலும் ஒரே அளவு இல்லீங்க. இடது இருபத்தஞ்சரை. வலது இருபத்தஞ்சுக்கும் கம்மி."

பாய் இரண்டு காலையும் அளந்தார். இடது இருபத்தைந்தரை. வலது இருபத்து நான்கு புள்ளி எட்டு.

முனுசாமி தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "சின்ன வயசுல பலா மரத்துலேர்ந்து வியுந்தன். ஒட்டினது சரியா ஒட்டல."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேண்ணா" என்றார் பச்சையம்மா. "இத்தினி வருசம் கூடவே இருக்கன், எனக்கே தெரியாது. கீழருந்து வந்தவருக்குத் தெரியுது."

அதற்கு மேல் கூட்டம் நீளவில்லை. பெண்கள் தங்களுக்குள் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டார்கள். பிறகு பச்சையம்மா சொன்னார்: "மல்லிகா கேக்கல. முறை போவாது. ஆனா அந்த ஜோடு கீழ போவணும்." கோவிந்தசாமி வீட்டுக்குப் போய் ஷூவை எடுத்து வந்து, சோலில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்து, லேஸை உள்ளே மடக்கி வைத்து என்னிடம் கொடுத்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. பாய் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேவிட்டார்.

மல்லிகா எங்களுக்காக நிற்காமல் முன்னால் நடந்து போனார். கோபம் என்று நினைத்தோம். வீட்டை நெருங்கும்போது சமையல் பக்கமிருந்து குரல் வந்தது: "பாயி அண்ணே! இன்னிக்கிக் கோழி உண்டா, இல்லியா? இப்பவே சொல்லிடுங்க. இனிமே போன் பண்ணிக் கேக்க மாட்டேன்!"

"நானே அறுத்துத் தரேன் தங்கச்சி!" என்று பாய் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு ஓடினார்.

அதற்கு அப்புறம் இருந்த ஒரு நாளில் எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. அதுதான் அந்த ஊரின் விசேஷம். மொச்சை உரித்தோம். கேழ்வரகுக் களியைக் கோழிக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டோம். ஓடை வரைக்கும் நடந்துவிட்டு வந்தோம். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் காலை நீட்டி அளவு கேட்டார்கள். நான் சொன்ன பதினோரு பேரில் இரண்டு பேருக்குத் தப்பானது. அந்த இரண்டும் கூட்டத்தில் வராமல் போனதை நினைத்து, கிளம்பும் வரைக்கும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு இறங்கினோம். ஏழு ஜோடியும் பையில். திரும்பி வந்த சரக்கை என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாகத் தூக்கி வந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தை, மாசியில் போங்கள், மழையில் அந்த நான்கு கிலோமீட்டர் ஆகாது. கீழே இறங்கும் ஜீப் பகல் ஒன்றரைக்கு, அதை விட்டால் மறுநாள்தான். எங்கள் இருவருக்கும் இரண்டு இரவுக்கு, பஸ், ஜீப் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து நூறு ரூபாய் ஆனது, கோழி அதில் சேர்த்தி. போன் சிக்னல் பள்ளிக்கூடத்துக்கு அருகில் மட்டும் வரும். சாப்பாட்டில் எது ஆகும், எது ஆகாது என்பதை முன்பணம் கட்டும்போதே குழுத் தலைவியிடம் சொல்லிவிடுங்கள். யாரும் உங்களுக்குப் போன் செய்து கேட்கும்படி வைக்காதீர்கள். கையில் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். மிட்டாய்கூட வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று மனது அரித்தால் அந்த ஊர்ச் சாமையை வாங்குங்கள். குழுவே விற்கிறது, கிலோ நூற்றுப் பத்து. நான் பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதில் உள்ள ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஒடுகத்தூர் ஜீப் ஸ்டாண்டில் வீட்டில் தங்க வைக்கும் மலை ஊர் எது என்று கேட்டால் காட்டுவார்கள், தாராளமாகப் போங்கள். போய், ஷூ வந்த வீடு எது, எங்களுக்கு அந்த வீடுதான் வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மல்லிகா சொல்லித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று ஆகிவிடும். இரண்டாவது தடவை போய் அளந்து காட்ட எனக்குத் தைரியம் இல்லை.