மெழுகு பூசிய ரோலரும் அருளப்பு அண்ணையும்

அருளப்பு அண்ணை காலமாகிவிட்டாராம். காலை எட்டரைக்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போக முன்னமே...

முதலில் வேறு அருளப்பு என்றுதான் நினைத்தேன். எங்கள் தேவாலயப் பங்கில் மூன்று அருளப்புகள் இருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே தொப்பி. சனிக்கிழமை என் கராஜில் கழற்றி வைத்த தொப்பி.

இன்று புதன். சனிக்கு நின்ற மனிதர் புதனுக்கு எப்படி இல்லாமல் போவார்? ஒன்றும் விளங்கவில்லை. மெற்றோவில் இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனேன்.

தெரியாதவர்களுக்கு... மன்னார் ஆள். கனடாவில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில், சமைக்கும் குசினிக்கு அலுமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம். பென்ஷன் எடுத்த பிறகு கோயில் சனங்களின் கதவு, இழுக்கும் லாச்சி, அலுமாரி எல்லாம் அவர் கைதான்.

ஐம்பது வயதில் சிலர் மோட்டார்சைக்கிள் வாங்குவார்கள், சிலர் தலைக்குச் சாயம் பூசுவார்கள். நான் இரண்டாவதைச் செய்துவிட்டு, ஒரு பழைய பிளேனரும் வாங்கினேன். பலகையை ஒரு பக்கத்தால் கொடுத்தால் ரோலர் இழுத்து, பிளேட் சீவி, மறுபக்கத்தால் ஒரே தடிப்பாக வெளியே வரும் மிஷின். வரவேண்டும். என்னுடையதில் பாதியில் நின்றுவிடும்.

"குசினியில சாமான் வைக்க றாக்கை அடிச்சுத் தாறன் எண்டீங்கள். இன்னும் ஒரு பலகையே வெளியில வரேல்லை," என்றாள் மனைவி.

அண்ணையைக் கூப்பிட்டேன். வந்து அடித்தட்டைத் தடவிப் பார்த்தார். ஜக்கெட் பொக்கெட்டில் இருந்து ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்தார். மடு மாதா திருநாளுக்குக் கொளுத்தி மிஞ்சியது. எங்கள் ஒவ்வொரு வீட்டு லாச்சியிலும் இது கிடக்கும். சுவாமியார் மந்திரித்தது, குப்பையில் போட யாருக்கும் மனம் வராது.

"எறியவும் ஏலாது, கொளுத்தவும் காணாது. இதுக்காவது உதவட்டும்," என்று தட்டு முழுக்கத் தேய்த்து, துணியால் துடைத்தார். பலகை சறுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது.

அவர் போன பிறகு என் மூளை வேலை செய்தது. அதுதான் பிழை. தட்டுக்கே இவ்வளவு நல்லதென்றால்... லாச்சியில் கிடந்த அத்தனை துண்டுகளையும் எடுத்து ரோலர்களுக்கும் வஞ்சகமில்லாமல் பூசினேன். ரோலர் சுற்றியது. பலகை அசையவே இல்லை.

பிழையை ஒத்துக்கொள்வது எங்கள் குடும்ப வழக்கம் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, "அருளப்பு அண்ணை திரி பூசி மிஷினைக் கொன்றே போட்டார்" என்று சொன்னேன். அவர் நடையை நடித்தும் காட்டினேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது காணும்... மூன்று ஞாயிறு சொன்னேன். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் நீட்டினேன்.

பிறகுதான் கேள்விப்பட்டேன், தன் குசினி வேலையை அண்ணையிடம் கொடுக்க இருந்த ஒருவர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார் என்று.

போன சனி அவராகவே போன் எடுத்தார்.

"தம்பி, உங்கட மிஷின் இழுக்குதில்லையாமே?"

"ஆர் அண்ணை சொன்னது?"

"கோயிலில கதைச்சினம்."

என்ன கதைத்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மெற்றோ ஒறேஞ்ச் லைனில் நாங்கள் இருக்கும் லவாலுக்கு வந்து, பஸ் மாறி, ஒரு பையோடு வந்து இறங்கினார். தேத்தண்ணி குடித்தபடி, "ஒட்டாவாவில மகள் சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்டார். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. இரண்டு மாதமாக வீட்டுப் பக்கமே வரவில்லை என்று நானே சொன்னேன்.

கராஜில் பிளக்கைக் கழற்றிவிட்டு ரோலரில் விரலை வைத்தார். விரலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ரோலருக்கும் திரி பூசினதோ தம்பி?"

"பிள்ளையள் பூசியிருப்பினம் அண்ணை."

பையைத் திறந்து ஒரு துணியை எடுத்தார்.

"ஓம்... பிள்ளையள் அப்பிடித்தான்."

அவ்வளவுதான். துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, ரோலரைக் கையால் உருட்டி உருட்டி ஒரு மணித்தியாலம் துடைத்தார். "கீழ வழுக்கவேணும், மேல பிடிக்கவேணும். பிள்ளையளுக்கு வடிவாச் சொல்லுங்கோ," என்றார். பிளக்கைப் போட்டோம். பலகை நிற்காமல் போனது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தேன். பூசை முடிந்தது. அந்த நாலு பேரில் ஒருவர், "என்னடாப்பா, மிஷின் சரியோ?" என்றார்.

"ஓம், நானே திருத்திப்போட்டன்."

வாய் சொல்லிவிட்டது. திரும்பினால், அண்ணை கோப்பிக் கப்போடு மூன்றடி தள்ளி நிற்கிறார். கேட்டாரோ, இல்லையோ... தலையை ஒருக்கால் ஆட்டிவிட்டுப் போனார். அது என்ன தலையாட்டல்? மூன்று நாளாக யோசிக்கிறேன்.

இன்று மத்தியானம் அவருடைய மனைவி திரேசம்மா அக்காவுக்குப் போன் எடுத்தேன். அழுவார் என்று பயந்தேன். அவர் என்னைக் கேள்வி கேட்டார்.

"தம்பி, சனிக்கிழமை உங்கட வீட்டால வந்தவர், சப்பாத்துக் கழட்ட முன்னமே சிரிக்கத் தொடங்கிட்டார். சாப்பிடேக்கையும் சிரிப்பு. என்னெண்டு கேட்டால் சொல்லமாட்டன் எண்டிட்டார். அப்பிடி என்ன நடந்தது?"

"தெரியேல்லை அக்கா," என்றேன். மறுபடியும்.

என்னைப் பார்த்துச் சிரித்தாரா... கோயில் கதை முழுக்கத் தெரிந்துகொண்டே சிரித்தாரா... வீட்டிலேயே இல்லாத என் 'பிள்ளையளை' நினைத்துச் சிரித்தாரா... உண்மையாகவே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். அங்கே அக்கா மறுபடியும் கேட்பார். அதற்கு முன் இங்கே பேஸ்புக்கில் எழுதிவிடுகிறேன். கோயிலில் சிரித்த நாலு பேரையும் டாக் பண்ணியிருக்கிறேன்.

மிஷினைப் பழுதாக்கியது நான். திருத்தியது அவர். இரண்டு தரமும்.

போயிட்டு வாங்கோ, அண்ணை.