நெஞ்சு பார்க்கிற வாட்ச்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் சின்னப்பிள்ளை என்கிறவள் கேட்டது ஒன்று, கடைக்காரர் எடுத்து வைத்தது ஒன்று. அவள் கேட்டது, ஓடும்போது நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று பார்க்கிற மிசின். அவர் எடுத்து வைத்தது, கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டிப் பார்த்தார்களே, அந்தக் கவ்வி.

“இத மாட்டிக்கிட்டு ஓட முடியுங்களா?”

“இது படுத்துக் கெடக்குறவங்களுக்கும்மா. ஓடுறவனுக்கு என்னாத்துக்கு மிசினு?” என்று சிரித்தார் கடைக்காரர்.

ஓடுகிறவனுக்குத்தான் வேண்டும் என்பதை அந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல், அவள் வேப்பந்தட்டை பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினாள்.

வேப்பந்தட்டையைத் தாண்டி மலைப் பக்கமாகப் போனால் அவள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். கணவர் அரியமுத்து ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். பேச வேண்டிய பேச்செல்லாம் போனில்தான். காலில் செருப்பில்லாமல் காட்டுக்குப் போய்ப் பழகிய குடும்பம் அது. யாருக்கும் தலைவலி மாத்திரைக்கு மேல் தேவைப்பட்டதில்லை, மூத்தவன் ராஜதுரை போகும் வரைக்கும்.

ராஜதுரை போனது பொங்கலுக்கு மறுநாள், ஊர்க் கபடியில். பாடிப் போனவன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். எல்லாரும் முதுகில் தட்டிக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே மண்ணில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வெறும் வயிற்றில் ஆடினான், சோடா குடித்துவிட்டு ஆடினான், மைதானத்தில் காற்றுக் கருப்பு இருக்கிறது என்று ஊர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னது. பெரம்பலூர் டாக்டர் மட்டும் இருதயத்துச் சதை பிறவியிலேயே தடித்திருக்கலாம் என்றார். “கூடப் பொறந்தவங்க இருந்தா ஒரு தடவ கூட்டியாந்து காட்டிடுங்க” என்றும் சொன்னார். அழுகைக்கு நடுவில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. சின்னப்பிள்ளை காதில் விழுந்தது, அதற்குப் பிறகு அவளுக்கு நல்ல தூக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

கூடப் பிறந்தவன் ஒருவன்தான், முத்தமிழ்செல்வன். அண்ணன் செத்த பிறகு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடாத மாதம் இல்லை. அவன் வந்த மாதமும் இல்லை. சின்ன வயசென்றால் காதைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். மீசை வைத்த ஆண்பிள்ளையை எந்தத் தாய் இழுத்துப் போவாள்? இப்போது அவன் போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகி, உடல்தகுதித் தேர்வுக்காகப் பொழுது விடியுமுன் ஓடிக்கொண்டிருந்தான். வயது வரம்பு இந்த முறையோடு முடிகிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட வேண்டும். மகன் கதவைச் சாத்திக்கொண்டு ஓடப் போனால், அவன் திரும்பி வந்து செருப்பு அலமாரியில் ஷூவைப் போடும் சத்தம் கேட்கும்வரை இவள் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்துப் பிரவீணா டீச்சரின் கையில் அந்த வாட்சைப் பார்த்தாள். டீச்சர் உடம்பு இளைக்க நடக்கிறவர். வாட்சில் சின்னதாக ஒரு இருதயப் படம், பக்கத்தில் ஒரு எண்.

“இது என்னங்க டீச்சர், நெஞ்சு பாக்குற வாட்ச்சா?”

“ஆமாக்கா. ஹார்ட்டு எத்தன தடவ துடிக்குதுன்னு காட்டும். ஆனா நல்லாருக்கா இல்லையான்னு இது சொல்லாது. அதுக்கு எக்கோன்னு ஒரு ஸ்கேன் எடுத்துத்தான் பாக்கணும்” என்று பொறுமையாகச் சொன்னார் டீச்சர்.

சின்னப்பிள்ளை முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக்கு வராத பிள்ளை வாட்ச் கட்டமாட்டேன் என்றா சொல்லப்போகிறான்? நெஞ்சு அதிகமாக அடித்தால் எண் காட்டும். காட்டினால் அவன் நிற்பான். நின்றால் போதும். விலையைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அது நல்லதா, நம்பலாமா, எத்தனை வந்தால் ஆபத்து, இதுதான் அவள் கவலை.

இங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். எங்கள் பக்கத்தில் எதை வாங்குவதானாலும் நாலு பேரைக் கேட்காமல் வாங்குவதில்லை, மிக்ஸியானாலும் சரி, மாடானாலும் சரி. சின்னப்பிள்ளையும் கேட்டாள். மருந்துக் கடையில் கேட்டாள், கண்டக்டரைக் கேட்டாள், மாட்டுக்கு ஊசி போட வந்தவரையும் விடவில்லை. பக்கத்து வீட்டுக் காத்தாயியைக் கேட்டதுதான் உச்சம். காத்தாயி நல்ல மனுஷி. ஒரு விஷயத்தைக் கேட்டால் அதைத் தனியாக வைத்துக்கொள்ள மனம் வராது, அவ்வளவுதான். “வாட்ச்சு யாருக்கு?” என்றவளிடம் இவள், “தமிழுக்குத்தாண்டி, ஓடுறான்ல, அண்ணங்காரன் மாதிரி ஆயிடக் கூடாதுன்னு” என்றாள்.

அது ஊர் சுற்றி முடிப்பதற்குள் ரெண்டே வார்த்தையாகச் சுருங்கிவிட்டது: ‘ஹார்ட்டு வீக்கு.’

அந்தச் சொல்லை லேசாக நினைத்துவிடக் கூடாது. சர்க்கரை இருக்கிறது என்றால் ஊர் மருந்து சொல்லும். கல்லடைப்பு என்றால் வாழைத்தண்டு கொண்டுவந்து கொடுக்கும். ‘வீக்கு’ என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் ஒன்றும் சொல்லாது, பாவமாகப் பார்க்கும். கல்யாண வீட்டில் பந்தலுக்குக் கழி தூக்கப் போனால் “நீ விடுப்பா” என்று வாங்கிக்கொள்ளும். பெண் கேட்டுப் போனால் ஜாதகம் பொருந்தாது. அந்த வார்த்தை ஏறினால் இறங்காது.

ஏரிக்கரை மைதானத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறவர் வேணுகோபால், ராணுவத்திலிருந்து வந்தவர். காசு வாங்காமல் செய்கிறார். ராஜதுரை விழுந்த அன்றைக்கு அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றியவரும் அவர்தான். அவர் முத்தமிழ்செல்வனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, கோவிச்சுக்காத. டாக்டருகிட்ட ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கியாந்துடு, அப்பறம் ஓடு. இங்க ஏதாச்சும் ஒன்னு ஆயிப்போச்சுன்னா உங்கம்மா மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?”

அவர் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முத்தமிழ்செல்வன் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வந்து முற்றத்தில் நின்றான்.

“ஊரெல்லாம் என்னம்மா சொல்லி வச்சிருக்க?”

“நான் என்னத்தடா சொன்னேன், ஒரு வாட்ச்சு வாங்கலாமான்னு…”

“என்னயப் பாத்தா பசங்க ஒதுங்கி நிக்கிறானுவோ. மூச்சு வாங்குனா ஓடியாந்து தண்ணி குடுக்குறானுவோ. போதுமா?”

“சரிடா, நான் பேசுனது தப்புதான். ஒரே ஒரு தடவ அந்த எக்கோவ எடுத்துட்டா…”

“எடுத்து? ஒன்னுமில்லன்னு வந்தா சந்தோசம். இருக்குன்னு எழுதிக் குடுத்தான்னா? அந்தச் சீட்டுக்கப்பறம் நான் எப்புடிம்மா ஓடுவேன்? இத்தன வருசம் படிச்சதெல்லாம் என்னாத்துக்கு? இருந்தா இருந்துட்டுப் போவட்டும். எனக்குத் தெரிய வேணாம்.”

அவன் பயப்படவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவளைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவன் அவன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அழத்தான் முடிந்தது.

மறுநாளிலிருந்து அவன் மைதானத்துக்குப் போகவில்லை, பெரம்பலூர் ரோட்டில் தனியாக ஓடினான். மைதானத்தில் விழுந்தால் தூக்க ஆள் உண்டு. ரோட்டில் லாரிதான் உண்டு. பிள்ளைக்குத் துணை தேடப் போய், இருந்த துணையையும் தன் வாயால் விரட்டிவிட்டோம் என்று சின்னப்பிள்ளை தன் தலையில் அடித்துக்கொண்டாள். ஆலத்தியூருக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, நீங்க சொன்னா கேப்பான். இந்தப் போலீசு வேணான்னு சொல்லுங்க.”

எதிர்முனையில் மூட்டை விழும் சத்தம் கேட்டது. அரியமுத்து இருமிவிட்டுச் சொன்னார், “வேணான்னு சொல்லிட்டு எங்க கூப்புடச் சொல்ற, இங்கயா, மூட்ட தூக்கவா? இங்க மட்டும் நெஞ்சு அடிக்காதா?”

அவள் போனை வைத்தாள்.

கடைசியில் வாட்சை வாங்கினாள். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் வாங்கினாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. பெரம்பலூரில் சுதர்சன் என்பவரின் செல்போன் கடையில், “யாருக்குங்கக்கா?” என்று அவர் கேட்டதும், “எங்க டீச்சருக்கு” என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். பொய் சொன்னதால் எத்தனை வந்தால் ஆபத்து என்று கேட்க முடியாமல் போயிற்று. டீச்சருக்குத் தெரியாதா என்பாரே.

வாட்சைப் பெட்டியோடு மகனின் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவன் பெட்டியைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே வந்தான்.

“கட்டிக்கிறேன். ஆனா எவ்வளவு காட்டுச்சுன்னு நீ கேக்கக் கூடாது.”

“கேக்கல.”

முழுக்கைச் சட்டை போட்டு, வாட்ச் வெளியே தெரியாமல் கையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடப் போனான். திரும்பி வந்தால் அவள் கேட்கவில்லை. ஆனால் தண்ணீர்ச் சொம்பை நீட்டும் சாக்கில் ஒருநாள் பார்த்துவிட்டாள். நூற்று எண்பத்திரண்டு. அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் ஓடினாள்.

“ஓடுனா ஏறத்தான்க்கா செய்யும். இந்த வயசுக்கு அது சரியாவும் இருக்கலாம்.”

“இருக்கலாமா, இருக்குங்களா டீச்சர்?”

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தெரியாதுக்கா. அந்த நம்பர வச்சு யாராலயும் சொல்ல முடியாது. நான் அன்னிக்கே சொன்னேன்ல.”

அன்றைக்கு விட்டுவிட்டு வந்த மறுபாதி அவளுக்கு அப்போதுதான் காதில் ஏறியது. எண் தெரியாதபோது ஒரு பயம் இருந்தது. இப்போது எண்ணும் இருந்தது, அதே பயமும் இருந்தது.

உடல்தகுதித் தேர்வு அரியலூரில் நடந்தது. அம்மா வரக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். மைதான வாசலில் போன், வாட்ச் எதையும் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். முத்தமிழ்செல்வன் வாட்சைக் கழற்றினான். சுற்றிலும் கூட்டம், தொலைந்துவிடும் என்று அம்மாவின் கையிலேயே கட்டிவிட்டான்.

“வரட்டுமாம்மா?”

“மெதுவா ஓடுறா” என்றாள். ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவனிடம் சொல்கிற பேச்சா அது? அவன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

சுவர் உயரம். வெளியே நின்றால் ஒன்றும் தெரியாது. பெற்றவர்களெல்லாம் வேலியோரம் நிழல் பார்த்து உட்கார்ந்திருக்க, சின்னப்பிள்ளை மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றாள். கூட்டம் கூட்டமாக ஓடவிட்டார்கள் போலிருக்கிறது. விசில் கேட்டது, காலடிச் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ அதட்டுவது கேட்டது. எதில் அவன் ஓடுகிறான் என்று தெரியவில்லை. திடீரென்று மணிக்கட்டில் வாட்ச் கிர்ரென்று அதிர்ந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. வாசலில் நின்ற பெண் காவலரிடம் ஓடிக் கையை நீட்டினாள்.

“தாயி, இது என்னமோ சொல்லுது, என்னான்னு பாரும்மா.”

அந்தப் பெண் குனிந்து படித்தாள். “சும்மா நிக்கிறப்பவே ஹார்ட்டு ஜாஸ்தியா அடிக்குதாம்மா. அப்புடி ஓரமா உக்காருங்க, தண்ணி குடிங்க.”

“எம் புள்ள உள்ள ஓடுறான். முத்தமிழ்செல்வன்னு பேரு. இது அவன் வாட்ச்சுதான். அவனுக்கு எவ்வளவு அடிக்குதுன்னு பாத்துச் சொல்லும்மா.”

பெண் காவலர் ஒரு கணம் அவளையே பார்த்தாள். “அது கட்டியிருக்கவங்களுக்குத்தாம்மா காட்டும்” என்றாள், கொஞ்சம் தணிந்த குரலில்.

சின்னப்பிள்ளை உட்காரவில்லை. வாட்சைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே விசில் ஊதிக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறியபின் அவன் வந்தான். சட்டையெல்லாம் நனைந்து, வாய் திறந்து மூச்சு வாங்க, மற்றவர்களோடு கும்பலாக வாசலுக்கு வந்தான். தூரத்திலேயே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பாஸ். அவள் கும்பலை இடித்துக்கொண்டு போய் அவன் நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். இத்தனை பேருக்கு முன்னால் அவன் கையைத் தட்டிவிடுவான் என்றுதான் நினைத்தாள், அவன் தட்டிவிடவில்லை. கைக்கு அடியில் திமுதிமுவென்று அடித்தது. அதிகமா குறைவா, நல்ல அடியா கெட்ட அடியா, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடிக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது.

“இனிமே ட்ரெய்னிங்கும்மா. தெனமும் ஓட்டந்தான்” என்றான், மூச்சுக்கு நடுவில், சந்தோஷமாக.

“எத்தன நாளைக்குடா?”

“மாசக் கணக்குல இருக்கும். வெளியூரு. வூட்டுக்கு வர வுட மாட்டாங்க.”

பின்னால் வந்தவர்கள், “வழிய வுடுங்கம்மா, வழிய வுடுங்க” என்று நெருக்கினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும் போல இருந்தது. கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.