மறுபடியும் சூடேறவில்லை

லேபில் நான் செய்வது இரும்புத்துகள். கண்ணுக்கே தெரியாத பொடிசு. அதைக் கேன்சர் உள்ள இடத்தில் ஊசியால் ஏற்றி, வெளியிலிருந்து மாறிமாறி அடிக்கும் காந்தப்புலத்தைக் காட்டினால் துகள் சூடேறி, நோயுற்ற செல்களைச் சாகடிக்கும். மனிதர்களிடம் வர இன்னும் எத்தனையோ படி இருக்கிறது. எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும், அக்காவுக்கு மூளையில் கேன்சர், இனி ஆபரேஷன் முடியாது என்று டாக்டர் கைவிரித்ததிலிருந்து புத்தி கெட்டுப்போய்த்தான் அலைந்தேன்.

துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால், கிளறாமல் விட்ட உப்புமா மாதிரிதான். ஓரிடம் சுடும், பக்கத்திலேயே பச்சையாகக் கிடக்கும். செய்து முடித்ததும், மிச்ச ரசாயனம் போக அவற்றைக் கழுவியாக வேண்டும். சவ்வுப் பையில் கட்டி ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் காத்திருப்பதுதான் எங்கள் வழக்கம். அந்தப் பொறுமை எனக்கு எங்கே இருந்தது? குப்பிக்கு அடியில் பெரிய காந்தத்தை வைத்து, ஒரே இழுப்பில் துகளை இறக்கி, மேல்தண்ணீரைக் கொட்டினேன். காந்தம் அழுத்திய அழுத்தில் எல்லாம் கட்டி தட்டிவிட்டது. எவ்வளவு உலுக்கியும் பிரியவில்லை. காந்தப்புல மெஷினில் வைத்தால் சூடேறுவேனா என்றது. எம்.எஸ்ஸி. பிள்ளைகள்கூட இப்படிச் செய்யமாட்டார்களே என்று என் பிஎச்.டி. கைடு சார் கன்னடத்தில் வருத்தப்பட்டார். பாத்ரூமுக்குப் போய் ஓவென்று அழுதேன்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வீட்டுக் கதவைத் திறந்ததும் அக்கா, வழக்கம்போல, இன்றாவது சூடாச்சா என்று கேட்டாள். இல்லை, உனக்காக அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டேன் என்றேன்.

அவள் தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"ஹோகலி, போகட்டும் விடு," என்றாள். "அது எனக்கு வந்து சேராதுடி. முதல்லேருந்தே தெரியும். நீ சொல்றப்போ உன் முகம் நல்லா இருந்துச்சு, அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். இனிமே மெதுவாவே பண்ணு."

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் புதிய துகளைச் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முறைப்படிதான் செய்தேன். ஆனால் இப்படி நிதானமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அவளுக்கு இது வந்து சேராது என்று நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றுதானே அர்த்தம்? தண்ணீரை மாற்றும் நேரம் வந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.